டெப்பட்டின் அடியில் உருளும் சக்கரம்

திருகோணமலை கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில், எஞ்சின் ஓடுகிற சத்தத்தை வைத்தே அதன் சுகத்தைச் சொல்லிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அப்படியொரு மெக்கானிக் அண்ணன், ஒரு டீசல் பம்மிலிருந்து கழற்றிய சின்ன உருப்படியை என் கையில் வைத்தார். "விரலால சுத்திப் பாருங்க தம்பி." சுற்றினேன். ஓரிடத்தில் மட்டும் மணல் கடிபட்டதுபோல் நெருடியது. "அந்த இடத்திலதான் இதுட உயிர் போயிட்டு" என்றார்.

அது றோலர் டெப்பட். முட்டை வடிவ மேடுகள் கொண்ட கேம் தண்டு சுற்றும்போது, அந்தச் சுழற்சியை மேலும் கீழுமான அசைவாக மாற்றுவது டெப்பட்டின் வேலை. வால்வைத் திறக்கும் டெப்பட்டுகள் பல எஞ்சின்களில் தட்டை அடியோடு இருக்கும். டீசலை அழுத்தி அனுப்பும் வரிசைப் பம்மிலோ அடியில் சக்கரம் வைத்த டெப்பட்தான். அங்கே சுமை அவ்வளவு அதிகம். வள்ளத்தைக் கரையேற்றும்போது அடியில் உருட்டுக்கட்டை போடுகிறோமே, அதே காரணம்தான்: உரசுவதைவிட உருள்வதற்குப் பலம் குறைவாகப் போதும், தேய்வும் குறைவு.

ஒரு கணக்குப் போடுவோம். நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடினால் பம்மின் கேம் தண்டு 1000 சுற்று ஓடும். ஒவ்வொரு டெப்பட்டும் மணிக்கு 60,000 தடவை எழுந்து விழும். பத்து மணி நேரக் கடலோட்டத்தில் 6 லட்சம் தடவை.

றோலரும் கேமும் தொடுவது ஒரு மெல்லிய கோட்டில். அந்தக் கோட்டில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் வரக்கூடும். இரண்டு இரும்புக்கும் நடுவே நிற்கும் ஒயில் படலமோ தலைமயிரின் தடிப்பில் நூறில் ஒரு பங்கு அளவுதான். அப்படியும் அது பிதுங்கி ஓடிவிடுவதில்லை. அந்த அழுத்தத்தில் ஒயில் கணப்பொழுதுக்குப் பல மடங்கு கெட்டியாகிவிடுகிறது. எனக்கு இந்த எஞ்சினிலேயே பெரிய அதிசயம் இதுதான்.

ஆனாலும் உலோகம் களைக்கும். உருளும் பரப்பில் அதிகமாக வதைபடும் இடம் மேல்தோல் அல்ல, அதற்குச் சற்றுக் கீழே. வெடிப்பு பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. லட்சக்கணக்கான தடவை அமுங்கி அமுங்கி அது மேலே வந்ததும் ஒரு சின்னச் செதில் பெயர்ந்து குழி விழும். என் விரலில் நெருடியது அந்தக் குழி. பெயர்ந்த செதில் ஒயிலோடு போய் மற்ற டெப்பட்டுகளையும் கீறும்.

அதனால் சோதனை என்பது அடிப்படையில் ஒரே கேள்விதான்: சக்கரம் இன்னும் ஒழுங்காக உருள்கிறதா? டீசலில் கழுவித் துடைத்து, மெதுவாகச் சுற்ற வேண்டும். இறுகினாலும் நெருடினாலும் கழிவுதான். சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டி, அது சுற்றும் அச்சாக நடுவிலுள்ள பின் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சக்கரத்தில் தட்டையான இடம் இருந்தால் அது எங்கோ இறுகி, உருளாமல் உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது. அப்படியானால் கேமின் மேட்டையும் வெளிச்சத்தில் பார்க்காமல் விடக்கூடாது. குழி விழுந்த கேமில் புது டெப்பட் போடுவது காசைக் கடலில் போடுவதுபோல.

பம்மில் இந்தத் தேய்மானத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. றோலரும் பின்னும் தேய்ந்தால் மேலே இருந்து டீசலை அழுத்தும் தண்டான பிளஞ்சர் அந்த அளவுக்குக் கீழே நிற்கும். டீசல் பாய்ச்சல் பிந்தும். ஸ்டார்ட் எடுக்கக் கஷ்டப்படும், புகை கூடும், இழுவை குறையும். ஆகவே பம்மின் டெப்பட்டை மாற்றினால் பம்மைச் சோதனை மேசையில் ஏற்றி அளவு பிடித்தே ஆக வேண்டும். கண் மதிப்பில் முடிகிற வேலை அல்ல.

வால்வுப் பக்கமும் றோலர் உள்ள எஞ்சின் என்றால், கழற்றும் புஷ் றொட்டுகளையும் (டெப்பட்டின் அசைவை வால்வுப் பக்கம் கொண்டுபோகும் தண்டுகள்) டெப்பட்டுகளையும் இலக்கமிட்டு வரிசையாக வையுங்கள். ஒவ்வொன்றும் தன் மேட்டோடு பழகித் தேய்ந்தது, இடம் மாறக்கூடாது. அப்புறம், தட்டை டெப்பட் தான் இருக்கும் துளைக்குள் சுழல வேண்டும் என்றே செய்யப்பட்டது. றோலர் டெப்பட் சுழலவே கூடாது. திரும்பிவிட்டால் சக்கரம் கேமுக்குக் குறுக்கே நின்று அதை அறுத்துவிடும். அதைத் தடுக்கும் வழிகாட்டித் தகடோ பின்னோ சரியாக அமர்ந்ததா என்று இரண்டு தடவை பாருங்கள். புது டெப்பட்டை ஒயிலில் நன்றாக நனைத்துப் போட்டு, வால்வு இடைவெளியை எஞ்சின் புத்தகத்தில் உள்ளபடி வைத்து, எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்த பிறகே ஸ்டார்ட் கொடுக்க வேண்டும்.

போட்டு எஞ்சினில் றோலருக்குப் பெரிய எதிரி தண்ணீர். ஒயிலில் கொஞ்சம் கலந்தாலும் வெடிப்பு வேகமாக வளரும். உப்புத்தண்ணீர் என்றால் துருவும் சேர்ந்துகொள்ளும். ஒயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்க்கும்போது ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால், அன்றைக்குக் கடலுக்குப் போகாமல் ஒயிலைக் குளிராக்கும் கூலரையும், எஞ்சின் ஹெட்டுக்கு அடியிலுள்ள அடைப்பான ஹெட் காஸ்கெட்டையும் முதலில் சோதியுங்கள்.