ஜெர்ம்பிளாசம்: சாலையோரத்துப் புளியமரமும் ஒரு மரபுவளம்

கோவையில் வேளாண்மை படித்தவர்களோடு பேச்சுக் கொடுத்தால் 'ஜெர்ம்பிளாசம்' என்ற சொல் காதில் விழாமல் போகாது. 'புளி ஜெர்ம்பிளாசம் சேகரிக்கிறோம்' என்றால் ஏதோ சீசாவில் அடைத்து வைக்கும் திரவம் என்று தோன்றும். அவர்கள் தேடி அலைவது விதையும் ஒட்டுக்குச்சியும்தான்.

சொல்லைப் பரப்பியவர் ஜெர்மானிய உயிரியலாளர் ஆகஸ்ட் வைஸ்மன். 1892இல் வந்த அவருடைய நூலின் தலைப்பே 'கைம்பிளாஸ்மா'. 'கைம்' என்றால் ஜெர்மன் மொழியில் முளை, கரு. ஆங்கிலத்தில் அந்த இடத்துக்கு வந்த 'ஜெர்ம்' லத்தீனிலிருந்து வந்தது. அதற்கும் முளை என்றே பொருள். 'பிளாஸ்மா' கிரேக்கச் சொல், வார்த்து உருவாக்கியது என்று பொருள். உடல் வேறு, அடுத்த தலைமுறைக்குப் போகும் கருப்பொருள் வேறு என்பது அவர் வாதம். தலைமுறை தலைமுறையாக எலிகளின் வாலை வெட்டிப் பார்த்தார். குட்டிகள் வாலோடுதான் பிறந்தன. உடலுக்கு நேர்ந்தது கருப்பொருளைத் தொடவில்லை.

பயிர் இனப்பெருக்கம் செய்பவர்கள் கைக்கு வந்ததும் சொல் வேறு பொருள் கொண்டது. ஒரு பயிரின் மரபுக்கூறுகளைச் சுமந்து அடுத்த தலைமுறைக்குத் தரக்கூடிய எல்லாமே இப்போது ஜெர்ம்பிளாசம், தமிழில் மரபுவளம்: விதை, குச்சி, மகரந்தம், திசு, முழு மரம். 1912இல் கோவையில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையம் இதற்கு நல்ல உதாரணம். அங்கே 'வெள்ளை' என்ற பருத்த கரும்பைக் காட்டுக்கரும்போடு கலந்துதான் கோ 205 என்ற கரும்பு ரகம் பிறந்தது. தின்ன உதவாத காட்டு இனமும் மரபுவளம்தான்.

புளிக்கு அந்த வசதி இல்லை. டாமரிண்டஸ் பேரினத்தில் இருப்பது இந்த ஒரே இனம். கலந்து பார்க்கக் காட்டுச் சொந்தம் என்று ஒன்றும் கிடையாது. (அரபியர் 'தமர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை, என்றார்கள். தாவரவியல் பெயரிலும் 'இண்டிகா' ஒட்டிக்கொண்டது. மரத்தின் பூர்வீகமோ ஆப்பிரிக்கா!) இனிப்புப் புளி, செந்நிறச் சதை, நீளக்காய், வறட்சி தாங்கும் குணம் என்று எது வேண்டுமானாலும், நிற்கிற புளியமரங்களுக்குள்ளேயேதான் தேட வேண்டும். பெரியகுளம் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் தந்த பி.கே.எம். 1 புளி ரகமும் எண்டப்புளி என்ற உள்ளூர் வகையிலிருந்து பொறுக்கியெடுத்ததுதான். அஞ்செட்டிப் பக்கத்து உரிகத்தின் பேரிலும் ஒரு வகை உண்டு.

பலா, மா விதைகளைப் போல் அல்லாமல் புளியங்கொட்டையைக் காயவைத்துக் குளிரில் நீண்ட நாள் வைத்திருக்கலாம். ஆனால் புளி பெரும்பாலும் அயல் மரத்து மகரந்தத்தில் காய்ப்பது. நல்ல மரத்தின் கொட்டையை நட்டால் அதே மரம் வராது. அந்த மரமே வேண்டுமென்றால் குச்சி எடுத்து ஒட்டுக்கட்ட வேண்டும். ஒட்டுச்செடி சீக்கிரமே காய்க்கும் என்பது கூடுதல் லாபம்.

கொங்கில் ஊர்ப்பெயரிலேயே புளி உண்டு. புஞ்சைப் புளியம்பட்டியைச் சொன்னால் போதும். சாலையோர மரங்களை ஏலம் எடுத்து உலுக்குகிறவர்களுக்கு எந்த மரம் சதைப்பற்று, எது நார், எது வருடம் தவறாமல் காய்க்கும் என்பது அத்துப்படி. மரபுவளம் சேகரிக்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அவர்களைத்தான். சாலையை அகலப்படுத்தும்போது மரம் கறிக்கடைக் கட்டையாகப் போய்விடுகிறது. வெட்டுவதற்கு முன்பு நான்கு குச்சி எடுத்து வைத்திருந்தால் பாதி நஷ்டமாவது குறைந்திருக்கும். ஒன்றுக்குப் பத்துக் கன்று நடுகிறோம் என்கிறார்கள். சரி, எந்தத் தாய்மரத்துக் கன்று?

தமிழில் என்ன சொல்வது? சிலர் 'மரபணு வளம்' என்கிறார்கள். தவறில்லை, ஆனால் குச்சியையும் கொட்டையையும் மறந்து மரபணுவை மட்டும் நினைக்க வைக்கிறது. என் ஓட்டு 'மரபுவளம்' என்பதற்கு. தொல்காப்பியத்தில் ஓர் இயலின் பெயராக இருந்த 'மரபியல்' இன்று ஒரு அறிவியல் துறையின் பெயர். அதோடு இந்தச் சொல் இயல்பாகச் சேர்கிறது. வைஸ்மன் சொன்ன பழைய பொருளுக்கு மட்டும் 'கருப்பொருள்' போன்ற வேறு சொல் வேண்டியிருக்கும்.

இன்னொரு குழப்பம்: மரபுவளத்தையும் மரபுப் பன்மையையும் ஒன்றாக எழுதுகிறார்கள். மரபுவளம் கையிருப்பு, மரபுப் பன்மை அந்தக் கையிருப்பில் எத்தனை விதம் இருக்கிறது என்பது. ஒரே தாய்மரத்திலிருந்து ஒட்டுக்கட்டிய ஆயிரம் புளியமரங்கள் நின்றாலும் மரபுப் பன்மைக் கணக்கில் அவை ஒரே ஒரு மரம்.