கடைமடைக்கு வராத வெளிச்சம்

கும்பகோணத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். எழுபத்தெட்டு வயதான அவருடைய மாமியாருக்கு மறதி நோய் என்று தெரிந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. காலையில் காபி குடித்து, பேரனை மகன் பெயர் சொல்லி அழைத்தபடி சிரித்த முகமாகவே இருக்கும் அந்த அம்மாள், மாலை ஐந்தரை மணியானதும் வேறொருவராகிவிடுகிறார். இரண்டு புடவைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு, "பொழுது சாஞ்சிடுச்சு, எங்க வூட்டுக்குப் போவணும்" என்று வாசற்கதவை உலுக்குகிறார். தடுப்பது சொந்த மகனே என்றாலும் கை ஓங்குகிறார். ஐப்பசி அடைமழையில் இது இன்னும் கடுமையாகிறதாம். விளக்கு வைக்கிற நேரத்தில் காற்று சேர்ந்துவிட்டது என்று உறவினர் சொல்வது உண்மையா, வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவர் அழும்போது தான் என்ன பதில் சொல்வது என்று இரண்டு கேள்விகளைக் கேட்டிருக்கிறார் வாசகி.

மறதி நோயாளிகளிடம் பொழுது சாயும் வேளையில் தோன்றும் இந்தப் பதற்றத்தை மருத்துவர்கள் சன்டவுனிங் என்கிறார்கள். நாம் அந்திக் குழப்பம் என்று சொல்லலாம். 2023இல் வெளியான தேசிய அளவிலான கணிப்பு ஒன்றின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்கிறது. அவர்கள் எல்லாரிடமும் அந்திக் குழப்பம் தோன்றுவதில்லை. தோன்றுகிற வீடுகளில், பகல் முழுதும் பொறுமையாக இருந்த மருமகளோ மகளோ மனமுடைந்துபோவது பெரும்பாலும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான்.

எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூளையில் புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியை, மறதி நோயின் மிகப் பரவலான வகையான அல்சைமர் நோய் தொடக்கத்திலேயே தாக்குகிறது. அதனால் நேற்று நடந்தது பதிவதில்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன் மூளையின் மேற்புறணியில் ஊறிப்போன பிறந்த வீடும் அதன் கொல்லைக் கிணறும் நெடுநாள் அழியாமல் நிற்கின்றன. ஆனால் காலையில் வராத அந்த வீட்டு நினைப்பு மாலையில் மட்டும் ஏன் இவ்வளவு வலியோடு வருகிறது என்பதை இந்த விளக்கம் சொல்லவில்லை. அதற்கு மூளைக்குள் இருக்கும் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். உடலியலில் எனக்கு இதைவிடப் பிரியமான பகுதி வேறில்லை என்பதால் இங்கே சற்று நின்று பேசுகிறேன்.

இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் மூளையின் அடியில் ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன. அந்த இடத்துக்கு நேர் மேலே, பக்கத்துக்கு ஒன்றாக, அரிசி மணியைவிடச் சிறிய இரண்டு நரம்பணுத் திரள்கள் உள்ளன. இவையே உடலின் தலைமைக் கடிகாரம். இதிலுள்ள ஒவ்வொரு நரம்பணுவும் தனித்தனியே ஒரு கடிகாரம் என்பதுதான் வியப்பு. அணுவுக்குள் ஒரு மரபணு ஒரு புரதத்தைத் தயாரிக்கச் சொல்கிறது. புரதம் மெல்லச் சேர்ந்து, ஓர் அளவை எட்டியதும் அணுவின் உட்கருவுக்குள் புகுந்து, தன்னைப் பிறப்பித்த அதே மரபணுவை நிறுத்திவிடுகிறது. பிறகு புரதம் சிதைந்து குறையக் குறைய, மரபணு மீண்டும் விழித்துக்கொள்கிறது. இந்த ஏற்றமும் இறக்கமும் ஒரு சுற்று முடிய ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. 1971இல் கோனோப்காவும் பென்சரும் பழ ஈக்களில் இதற்கான மரபணுவைக் கண்டனர். அது இயங்கும் விதத்தை அவிழ்த்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

மனிதரில் இந்தச் சுற்று சரியாக 24 மணி நேரம் அல்ல. சராசரியாகப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கூடுதல். ஆகவே நாள்தோறும் யாராவது முள்ளைத் திருப்பி வைத்தாக வேண்டும். அந்த வேலையைச் செய்வது காலை வெளிச்சம். அதைக் கடிகாரத்துக்குச் சொல்வதற்கென்றே கண்ணில் தனியான ஓர் உயிரணு வகை இருப்பது 2002இல்தான் உறுதியாயிற்று. பள்ளியில் நாம் படித்த கூம்பு அணுக்களும் கோல் அணுக்களும் உருவத்தையும் நிறத்தையும் காட்டுபவை. இந்த மூன்றாம் வகை அணுக்களோ மெலனாப்சின் என்ற நிறமியைக் கொண்டு, வானத்தின் நீல ஒளியை முதன்மையாக வாங்கிக்கொண்டு, எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு நேரம் என்று மட்டும் கணக்கெடுத்து, தனிப்பாதை வழியே கடிகாரத்துக்கு அனுப்புகின்றன. உருவம் எதுவுமே தெரியாத பார்வையற்றோர் சிலரிடத்தும் இந்தப் பாதை உயிரோடிருக்கிறது; அவர்கள் காணாத சூரியனைக் கொண்டு அவர்களுடைய உடல் பொழுதை அறிகிறது.

மேட்டூரில் திறந்த தண்ணீர் வேதாரண்யத்துக் கடைமடைக்கு வந்து சேர்வதில் உள்ள பாடு நம் பகுதியில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெளிச்சம் கடிகாரத்தை அடைவதும் அப்படித்தான். வயதாக ஆகக் கண்மணியின் துளை சுருங்குகிறது. அது முதல் மடை. விழிவில்லை மஞ்சளித்து நீல ஒளியைத் தடுக்கிறது, அது இரண்டாவது. பத்து வயதுச் சிறுவனின் கண்ணில் கடிகாரத்துக்குக் கிடைக்கும் ஒளியில் ஐந்தில் ஒரு பங்குகூட எண்பதைத் தாண்டியவரின் கண்ணில் கிடைப்பதில்லை. இதுவரை எல்லா முதியோருக்கும் பொது. அல்சைமர் நோயில் மெலனாப்சின் அணுக்களே குறைந்துபோவதாக 2016இல் இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்; அது மூன்றாவது. வாய்க்கால் போய்ச் சேரும் வயலுக்கு ஒப்பான கடிகாரமும் சுருங்கிவிடுகிறது என்பதை ஆம்ஸ்டர்டாமில் டிக் ஸ்வாபின் குழு 1985இலேயே மூளைகளை ஆராய்ந்து கண்டறிந்திருந்தது. எஞ்சிய அணுக்களை ஒன்றாகக் கோத்து வைக்கும் சமிக்ஞைக் குறிகள் தளர்ந்துபோனால், தாளம் போடுபவர் எழுந்துபோன மேளக் கச்சேரியைப் போல ஒவ்வோர் அணுவும் தன் போக்கில் அடிக்கத் தொடங்குகிறது.

இனி அந்தி வேளைக்கு வருவோம். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து களைப்பை ஏற்றிக்கொண்டே போகிறது. அந்தக் கணக்கின்படி நாமெல்லாம் மாலை ஆறு மணிக்கே துவண்டு விழ வேண்டும். விழாததற்குக் காரணம், தலைமைக் கடிகாரம் தன் விழிப்புக் குறியை நாளின் பிற்பகுதியில் உயர்த்திக்கொண்டே போய், தூங்குவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு உச்சத்தில் வைத்திருப்பதுதான். மாலையில் நம்மைத் தூக்கி நிறுத்தும் கை அது. கடிகாரம் நலிந்தவருக்கு அந்தக் கை இல்லை; நாள் முழுதும் புரியாத உலகத்தோடு போராடிய களைப்பு அப்படியே தலையில் இறங்குகிறது. அல்சைமர் நோயாளிகளின் உடல் வெப்பம் உச்சத்தைத் தொடும் நேரம் பின்னால் தள்ளிப்போவதும் அந்திக் குழப்பமும் தொடர்புடையவை என்று 2001இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 2018இல் அமெரிக்க நரம்பியலாளர் கிளிஃபர்ட் சேப்பரின் ஆய்வகம் இன்னும் ஒரு படி சென்றது. எலிகளின் மூளையில் தலைமைக் கடிகாரத்திலிருந்து ஓர் இடைநிலையம் வழியாகச் சண்டை உணர்வை எழுப்பும் பகுதிக்கு ஒரு நரம்புப் பாதை செல்வதையும், இந்த நேரத்தில் சினம் அடங்கட்டும் என்று அது ஒழுங்கு செய்வதையும், அதன் குறியை நிறுத்தினால் அந்த ஒழுங்கு குலைவதையும் அவர்கள் கண்டார்கள். எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குச் சொல்லக் கூடாது. ஆனாலும் மகன்மீது ஓங்கிய அந்தக் கை அன்பில்லாததால் ஓங்கியதல்ல, நேரம் பார்த்து அடக்கிவைக்கும் மடையின் பலகை உளுத்துப்போனதால் ஓங்கியது என்று எண்ண இதில் இடமிருக்கிறது.

கடிதத்தில் வாசகி போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு செய்திதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. முற்றமும் திண்ணையும் இருந்த பழைய ஓட்டு வீட்டை இடித்துக் கான்கிரீட் வீடு கட்டியிருக்கிறார்கள்; அம்மாள் தவறி வெளியே போய்விடாதிருக்க, நடுவிலுள்ள அறை ஒன்றை அவருக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். நல்ல எண்ணத்தோடு செய்ததுதான். ஆனால் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில் பாருங்கள்: உச்சி வெயில் 1,00,000 லக்ஸ், திறந்த வெளியில் மர நிழல் சில ஆயிரம், குழல்விளக்கு எரியும் அறை 100 அல்லது 200. நம் கண் இருட்டுக்குத் தக்கபடி தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்த வேறுபாடு நமக்கு உறைப்பதே இல்லை. மெலனாப்சின் அணுக்களுக்கு உறைக்கிறது. திண்ணையில் வெற்றிலைச் செல்லத்தோடு உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த கிழவிக்கு யாரும் மருந்தென்று சொல்லாமலே நாள்தோறும் ஒரு மருந்து கிடைத்துக்கொண்டிருந்தது. காவிரிக் கரையில் ஆண்டின் மிகக் குறுகிய பகலே ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரம்; வட ஐரோப்பியக் குளிர்காலத்தோடு ஒப்பிட்டால் நம்மிடம் வெளிச்சம் கொட்டிக் கிடக்கிறது, தலைமதகை மூடி வைத்திருப்பது நாம்தான். அடைமழையில் வாசற்கதவையும் சாத்திவிட்டு, மின்சாரமும் போய்விட்டால், அவருக்கு நாள் முழுவதுமே அந்தி.

வெளிச்சத்தைக் கூட்டினால் பயன் உண்டா என்பதற்கு நெதர்லாந்தில் 12 முதியோர் இல்லங்களில் 189 பேரிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வு ஒரு விடை தருகிறது. கூடத்தின் விளக்குகளைப் பகல் முழுதும் 1,000 லக்ஸ் அளவுக்குக் கூட்டியபோது, நினைவாற்றலின் சரிவும் மனச்சோர்வும் சிறிதளவு குறைந்தன. பெரிய மாற்றமில்லை, ஆனால் பக்கவிளைவும் இல்லை. அதே ஆய்வில், இரவில் உடலே சுரக்கும் தூக்க ஹார்மோனான மெலட்டோனின் மாத்திரையைத் தனியாகக் கொடுத்தவர்களின் மனநிலை சற்றுக் கெட்டது. பல ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த 2014ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பு, ஒளி சிகிச்சையைப் பரிந்துரைக்கப் போதிய சான்றில்லை என்று முடித்தது. சான்று போதாமைக்கு ஆய்வுகள் சிறியவையாக இருப்பது ஒரு காரணம். சூரிய ஒளிக்கு யாரும் காப்புரிமை பெற முடியாது என்பதால் எந்த மருந்து நிறுவனமும் அதற்குப் பணம் போடாது என்பது என் கருத்து. அரசின் பணத்தில்தான் இது நடக்க வேண்டும். திண்ணை வீடும் அடைத்த வீடும் ஒரே தெருவில் அடுத்தடுத்து நிற்கும் தஞ்சை, நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களைவிட இந்த ஆய்வுக்குத் தோதான இடம் எனக்குத் தோன்றவில்லை. மாத்திரை ஆய்வுக்கு ஒதுக்குவதில் ஒரு சிறு பங்கைக்கூட இதற்கு ஒதுக்காமலிருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

காற்று சேர்ந்தது என்ற பேச்சைப் பற்றி: நம் முன்னோர் நேரத்தைச் சரியாகவே கவனித்திருக்கிறார்கள், முதியவர்கள் விளக்கு வைக்கும் வேளையில்தான் மாறுகிறார்கள் என்பது நல்ல அவதானிப்பு. காரணம் மட்டுமே தவறு. அந்தத் தவற்றின் விலையை நான் சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். என் தந்தையின் பெரியம்மாளை இதே போன்ற ஒரு மாலையில் மந்திரிப்பவர் ஒருவரிடம் அழைத்துப்போய், வேப்பிலையால் அடித்தார்கள். தன்னை ஏன் அடிக்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ளவோ நினைவில் வைத்துக்கொள்ளவோ அவரால் முடியவில்லை, அச்சம் மட்டும் தங்கிவிட்டது. கோயிலுக்கு அழைத்துச் செல்லுங்கள், திருநீறு பூசுங்கள், அது அவருக்குப் பழகிய ஆறுதல். அடிப்பதும் கட்டிவைப்பதும் கூடவே கூடாது.

வாசகி செய்யக்கூடியவை சில உண்டு. காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிக்குள் ஒரு மணி நேரமாவது அவரை வாசலில், நிழலிலேயே, வானம் தெரிய உட்கார வையுங்கள். மழைக்காலத்தில் மேகமூட்டமான வானம்கூட அறை விளக்கைவிடப் பல மடங்கு பிரகாசமானது. பகல் தூக்கம் அரை மணி நேரத்தோடு, மூன்று மணிக்குள் முடியட்டும். காபி அடினோசினை மறைத்து இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும் என்பதால் அதைக் காலைக்கு வைத்துக்கொண்டு, மாலையில் பாலோ சுக்குமல்லியோ கொடுங்கள். இருட்டும்வரை காத்திராமல் ஐந்து மணிக்கே எல்லா விளக்குகளையும் ஏற்றிவிட்டால், நிழல்களை ஆட்களென்று எண்ணி அவர் மிரள்வது குறையும். தொலைக்காட்சித் தொடரின் அழுகையும் கூச்சலும் அந்த நேரத்தில் வேண்டாம். கண்புரை இருக்கிறதா என்று பாருங்கள், அந்த மடையை இன்று எளிதாகத் திறந்துவிடலாம். மூட்டுவலி, மலச்சிக்கல், பசி, தாகம் இவற்றைச் சொல்லத் தெரியாமலும் அவர் பதறலாம். ஓரிரு நாளில் திடீரென்று நிலைமை மோசமானால் அது அந்திக் குழப்பமல்ல. சிறுநீர்த் தொற்று போன்ற ஒன்றாக இருக்கக்கூடும், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். தூங்க வைக்க மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம். மனநோய்க்கான மருந்துகளில் சில மறதி நோயுள்ள முதியோரின் இறப்பைக் கூட்டுவதாக 2005இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்திருக்கிறது.

இரண்டாவது கேள்வி. "இதுதான் அத்தை உங்க வீடு" என்று சொல்லாதீர்கள். அவருடைய மூளைக்கு அது பொய். நீங்கள் வற்புறுத்த வற்புறுத்த அச்சம்தான் கூடும். அவர் கேட்பது களைப்பு நீங்க ஓர் இடம். "போவலாம் அத்தை, அங்க யாரெல்லாம் இருக்காங்க, சொல்லுங்க" என்று கேட்டு, கையைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நன்றாக வெளிச்சம் விழும் இடத்துக்கு அழைத்து வந்து, மடியில் கொஞ்சம் உதிரி மல்லிகையும் நாரும் கொடுத்துப் பாருங்கள். பூத்தொடுக்கும் பழக்கம் ஹிப்போகேம்பசை நம்பியிராத வேறொரு நினைவு. பேரன் பெயரை மறந்த பிறகும் விரல்கள் அதைச் செய்யும். சில நாள் அதுவும் நடக்காது. அன்று கதவைத் திறந்து, அவரோடு தெருமுனை வரை நடந்துவிட்டு வாருங்கள்; மூட்டையை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.