தள்ளுபடி ஆகமமா, புறநூலா?

ஞாயிறு பள்ளி ஒன்றில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள, புராட்டஸ்டண்ட் விவிலியத்தில் இல்லாத தோபித்து நூலைப் பற்றிப் பேச்சு வந்தது. பாடம் நடத்தியவர், “அது தள்ளுபடி ஆகமம், விடுங்க” என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து, “யார் சார் தள்ளுபடி பண்ணாங்க?” என்று கேட்டாள். பதில் வரவில்லை. இந்தச் சொல்லை எத்தனையோ முறை கேட்டுச் சகித்திருக்கிறேன், அன்றைக்கு முடியவில்லை.

இப்படிப்பட்ட நூல்களைத் தமிழில் தள்ளுபடி ஆகமம் என்கிறோம்; மூலச் சொல் கிரேக்கத்தின் ‘அப்போகிரிபா’. ஒளித்து வைக்கப்பட்டவை என்று பொருள். தள்ளுதல், கழித்தல் என்ற கருத்து அந்த வேரில் கிடையாது.

தள்ளுபடி என்றால் நமக்கு நினைவுக்கு வருவது என்ன? நீதிமன்றத்தில் மனு தள்ளுபடி, கூட்டுறவு வங்கியில் கடன் தள்ளுபடி, தீபாவளிக்குத் துணிக்கடைத் தள்ளுபடி. மூன்றிலும் ஒருவர் ஒரு நாளில் முடிவெடுத்து அறிவிக்கிறார். இந்த நூல்களுக்கு அப்படி ஒரு நாள் இருந்ததே இல்லை. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சபை வரலாற்றாசிரியர் செசரியாவின் யூசேபியுஸ் எழுதும்போது, இன்று புதிய ஏற்பாட்டில் உள்ள யாக்கோபு, யூதா, 2 பேதுரு, 2, 3 யோவான் ஆகிய நிருபங்களே (கடிதங்களே) ‘மறுத்துப் பேசப்படுபவை’ என்ற வரிசையில்தான் நிற்கின்றன. 367இல் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ் தம் திருவிழா மடலில் புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் எண்ணிச் சொன்னார். அதே மடலில் நூல்களை மூன்றாகப் பிரித்தார்: திருமுறையானவை (வேதமாக ஏற்கப்பட்டவை), புதிதாகச் சேர்பவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டியவை, அப்போகிரிபா. தோபித்து, யூதித்து, சீராக் எல்லாம் இரண்டாவது வகை. இன்று எல்லா விவிலியங்களிலும் இருக்கும் எஸ்தரும் அங்கேதான்! மூன்றாவது வகையைத்தான் அவர் கடுமையாகத் திட்டினார். அதில் தோபித்து இல்லை. சுமார் 25 ஆண்டுகள் கழித்து, யூதர்களின் எபிரேய வேதப் பட்டியலில் இல்லாதவற்றுக்கு அப்போகிரிபா என்ற பெயரைக் கொடுத்தவர், விவிலியத்தை லத்தீனில் பெயர்த்த ஜெரோம். 397இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் கூடிய ஆயர்களின் சங்கமோ தோபித்தையும் யூதித்தையும் திருமுறையிலேயே சேர்த்துக்கொண்டது. புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர்கூட 1534இல் தம் ஜெர்மன் வேதாகமத்திலிருந்து இவற்றை எடுத்துப் போடவில்லை. வேதத்துக்குச் சமமில்லை, ஆனாலும் வாசிக்க நல்லவை என்று தலைப்பிட்டுத் தனிப்பகுதியாக அச்சிட்டார். இதற்கெல்லாம் ‘தள்ளுபடி’ என்று ஒரே முத்திரை குத்துவது வரலாற்றைப் பொய்யாக்குகிறது.

சரி, வேரைப் பிடித்து ‘மறைநூல்’ என்று சொல்லலாமா? கூடவே கூடாது. தமிழில் மறை என்றாலே வேதம். மறைநூல் என்றால் விவிலியம் என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள்; பொருள் தலைகீழாகிவிடும். ‘மறைக்கப்பட்ட நற்செய்திகள்’ அதைவிட மோசம். காணொளித் தலைப்புகளில் இதைப் போட்டு, 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்களின் சங்கத்தில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் நூல்களை ஒளித்துவிட்டார் என்று கதை கட்டுகிறார்கள். நிசேயா சங்கத்தின் 20 விதிகளில் எது வேதநூல் என்று ஒரு வரிகூடக் கிடையாது. மொழிபெயர்ப்பாளர்கள் சரிபார்க்காமல் அதையே திரும்ப எழுதுகிறார்கள்.

என் தேர்வு ‘புறநூல்’. யூத ரபிகளும் பட்டியலில் சேராதவற்றை ‘வெளிநூல்கள்’ என்றே சொன்னார்கள். அகம், புறம் நமக்குப் பழகிய பிரிவு. உள்ளே இல்லை என்பதை மட்டும் சொல்லும், குற்றம் சாட்டாது. ஏனோக்கு நூல், பேதுரு நற்செய்தி போன்ற பழைய நூல்களுக்கு இது அளவாகப் பொருந்தும். கத்தோலிக்கர் ஏற்கும் 7 நூல்களுக்கு 1995இன் தமிழ் விவிலியப் பொது மொழிபெயர்ப்பு வழங்கிய ‘இணைத் திருமுறை’ இருக்கிறது. இதன் மூலச் சொல்லான ‘டியூட்டரோகெனானிக்க’லில் உள்ள ‘இரண்டாவது’ என்ற பொருள் ‘இணை’யில் விழவில்லை என்பது என் குறை. ஆனாலும் திருமுறை என்ற சொல் அருமையானது: வேதப் பட்டியலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான ‘கானோன்’ அளவுகோல் என்றால், ‘முறை’ அந்த ஒழுங்கை அப்படியே தாங்குகிறது.

வகுப்பு முடிந்ததும் அந்தச் சிறுமி என்னிடம் வந்து, “அதுல என்னதான் இருக்கு, மாமா?” என்றாள். தோபியாவும் வானதூதரும் பயணம் கிளம்பும்போது கூடவே ஒரு நாயும் போகும் என்றேன். “பைபிள்ல நாயா?” என்று கேட்டுவிட்டு, அந்தப் பக்கத்தைக் காட்டச் சொன்னாள்.