ஒழுங்கைக்குள் சந்து எங்கிருந்து வந்தது?

‘புளியமரச் சந்து’ என்று ஒரு சுற்றுலாக் கையேட்டில் பார்த்தபோது பேசாமல் விட்டுவிட்டேன். பிறகு வீடு விற்பனை விளம்பரத்தில் அதே சந்து. கைத்தொலைபேசி வரைபடத்திலும் அதே சந்து. புளியடி ஒழுங்கை ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து ஊர் தெரியாத ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. வேலிகளுக்கு நடுவே போகும் ஒடுங்கிய வழியைத்தான் நாங்கள் ஒழுங்கை என்கிறோம். யாழ்ப்பாணத்தில் புளியடி உண்டு, ஒழுங்கை உண்டு. புளியமரச் சந்து கிடையாது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒழுகு, ஒழுக்கு, ஒழுங்கு, ஒழுங்கை எல்லாம் ஒரே குடும்பம். ஒன்றன்பின் ஒன்றாகப் போவதுதான் அடிப்பொருள். புறநானூறு 173ஆம் பாட்டில் சோற்றைக் கையில் ஏந்திக்கொண்டு போகும் பிள்ளைகளின் வரிசைக்குச் ‘சிறுநுண் எறும்பின் சில்லொழுக்கு’ உவமையாக வருகிறது. இரண்டு பேர் அருகருகே நடந்தால் தோள் வேலியில் உரசும் வழிக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது. ‘ஒழுங்கு + கை’ என்று பிரித்து, வீதியின் கை என்று விளக்கம் சொல்பவர்களுக்கு ஒரு கும்பிடு.

இனிச் சந்துக்கு வருவோம். சந்து என்றால் இடுக்கு. மதுரையில் இரண்டு சுவர்களுக்கு நடுவே நுழைந்து போகும் வழியைச் சந்து என்கிறார்கள். அங்கே அது சரி, அந்த ஊர்க்காரரோடு எனக்குச் சண்டை இல்லை. எங்களிடம் அந்தச் சொல் ‘சந்து பொந்து’ என்ற சோடியில்தான் பெரும்பாலும் உயிர்வாழ்கிறது. ‘சந்து பொந்தெல்லாம் தேடிப் பார்த்தாச்சு’ என்போம். அந்தச் சந்தில் பூனை படுக்கும், துடைப்பம் சாய்ந்திருக்கும். ஆட்கள் குடியிருக்க மாட்டார்கள்.

ஒழுங்கை இடுக்கில் பிறந்ததல்ல. அது காணியில் பிறந்தது. ஒரு வளவைப் பிள்ளைகளுக்குப் பிரித்துச் சீதனமாகக் கொடுக்கும்போது, பின்பக்கத் துண்டைப் பெற்றவருக்கு வீதிக்கு வர ஒரு வழி வேண்டும். அந்த வழி வேலியோடு போய், அடுத்தவர் எல்லை வந்ததும் முடங்கி, கிணற்றைச் சுற்றித் திரும்பி, ஒருவரின் படலையில், அதாவது வேலி வாசற்கதவில், போய் முடியும். இரண்டு பக்கமும் கிளுவை, பூவரசு, முள்முருக்குக் கதியால்கள், அதாவது வேலிக்கு நட்ட உயிர்க்கம்புகள். அவற்றில் கிடுகோ பனையோலையோ வைத்துக் கட்டிய அடைப்பு. ஒவ்வொரு முறை வேலி அடைக்கும்போதும் கதியால் கொஞ்சம் வெளியே நகரும். மாட்டுவண்டி போன ஒழுங்கைகளில் இன்று ஓட்டோ திரும்ப முடியாததற்கு இதுவும் ஒரு காரணம். காணி உறுதிகளை எடுத்துப் பாருங்கள். ‘வடக்கு ஒழுங்கை’, ‘கிணற்றில் பங்கும் வழிவாய்க்காலும்’ என்று இருக்கும். உறுதியில் ஒழுங்கை, வீதிப் பெயர்ப்பலகையில் சந்து என்றால், எல்லை வழக்கென்றால் உற்சாகமாகிவிடும் எங்கள் ஆட்களுக்கு இன்னொரு சாட்டு கிடைத்த மாதிரி.

இன்னொரு தொல்லையும் உண்டு. யாழ்ப்பாணத்துக் காதுக்குச் சந்து என்றால் சந்திதான் நினைவுக்கு வரும். அரியாலையில் மாம்பழம் சந்தி இருக்கிறது, காங்கேசன்துறை வீதியில் தட்டாதெருச் சந்தி இருக்கிறது. ‘மாம்பழச் சந்தில் இறங்குங்கள்’ என்று யாராவது எழுதினால் எழுத்துப் பிழை என்று நினைத்துச் சந்தியில்தான் இறங்குவோம். தனித்தமிழ் என்று சொல்லிக்கொண்டு ‘சந்து’ என்ற சொல்லைத் தூக்கிப் பிடிப்பவர்கள் இதையும் கேளுங்கள்: வழிகள் பொருந்தும் சந்தியோ வடசொல், அகராதிக்காரர் ‘சந்து’ என்பதையும் அதன் பக்கத்தில்தான் வைக்கிறார்கள். ஒழுங்கையோ வேர் முதல் நுனி வரை தமிழ். ஆனால் எனக்குத் தூய்மை இரண்டாம்பட்சம். ஊரில் ஆட்கள் சொல்கிற சொல் இருக்கும்போது வேறொன்றைக் கொண்டுவருவதுதான் குற்றம்.

‘புளியமர’ என்பது அடுத்த பிழை. வேம்படி, அரசடி, நெல்லியடி, புளியடி, மானிப்பாய் மருதடிப் பிள்ளையார் கோயில் என எங்கும் பெயரில் நிற்பது மரம் இல்லை, அடி. மரத்தின் நிழல் விழுந்த இடம், ஆட்கள் கூடின இடம், வழி சொல்லும்போது காட்டின இடம். மரம் பட்டுப்போகும், வெட்டுப்படும், அடி இருக்கும். மரத்தை மட்டும் மொழிபெயர்த்தால், வாசிக்கிறவர் இல்லாத புளியைத் தேடி அலைவார்.

விலங்குப் பெயர்களில் நிலைமை இன்னும் மோசம். நாவலர் வீதியில் ஆனைப்பந்தி இருக்கிறது. பந்தி என்றதும் வாழையிலையும் சோறும் நினைவுக்கு வந்து, ‘யானைகளுக்கு விருந்து வைத்த இடம்’ என்று ஒருவர் எழுதியிருந்ததை வாசித்தேன். பந்தி என்றால் வரிசை. ஆட்களை வரிசையாக இருத்தினால் சாப்பாட்டுப் பந்தி, குதிரையை வரிசையாகக் கட்டினால் குதிரைப்பந்தி, ஆனையைக் கட்டினால் ஆனைப்பந்தி. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் வன்னியில் பிடித்த ஆனைகளை ஆழமில்லாத கடலேரி வழியாகக் குடாநாட்டுக்குக் கொண்டுவந்து கப்பலேற்றி விற்றார்கள். அவை கடந்த இடம் ஆனையிறவு. ஊர்காவற்றுறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘கயிற்ஸ்’ என்ற பெயரும் ஆனைத்துறை என்ற போர்த்துக்கேயச் சொற்றொடரின் தேய்வுதான். இந்த வியாபாரத்தைத் தெரிந்தவர் பந்தியில் வாழையிலை போட மாட்டார். கொக்குவிலும் அப்படித்தான். அங்கே வில்லும் அம்பும் இல்லை, வில் என்றால் நீர்நிலை.

சில பெயர்கள் தங்கள் வயதையே சொல்லிவிடும். கொய்யா அமெரிக்கக் கண்டத்து மரம், போர்த்துக்கேயரோடு இந்தப் பக்கம் வந்தது. அவர்கள் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியது 1619இல். ஆகவே கொய்யாத்தோட்டத்துக்குச் சங்ககாலக் கதை கட்டாமல் இருப்பது நல்லது. பருத்தித்துறையில் தமிழருக்குப் பருத்தி தெரிந்தது, போர்த்துக்கேயருக்குக் கல் நிறைந்த முனை தெரிந்தது. அதுவே ‘பொயின்ற் பெட்ரோ’ ஆனது. ஒருவர் பெயரை மற்றவர் மொழிபெயர்க்கவில்லை, இரண்டும் தப்பிப் பிழைத்தன.

புதிதாகப் பலகை எழுதுகிறவர்களுக்குச் சிரமம் ஒன்றும் இல்லை. ஒழுங்கை என்று எழுதுங்கள். மிகவும் ஒடுங்கியது என்றால் குச்சொழுங்கை என்ற சொல்லும் கைவசம் இருக்கிறது. முன்னால் உள்ள பெயரை அங்கே குடியிருக்கிறவரிடம் கேட்டு அப்படியே எழுதுங்கள், அதற்குப் பொருள் சொல்ல வேண்டாம். இளசுகள் ‘லேன்’ என்கிறார்களே என்றால், சொல்லட்டும். ‘புளியடி லேன்’ என்று ஓட்டோக்காரரிடம் சொன்னால் சரியான படலையில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்.