நரைக்குக் கருங்கறுப்புதான் பூச வேண்டுமா?

“டை போட்டுப் பதினைந்து நாள்கூட ஆகவில்லை, அதற்குள் வகிட்டில் கோடு தெரிகிறதே!” முடிக்கு நிறம் போடும் வேலையில் நான் அதிகம் கேட்ட புலம்பல் இதுதான். சாயம் மட்டம் என்று நினைத்துப் பலரும் கம்பெனியை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். சாயத்தின் மேல் தப்பில்லை. முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளர்கிறது. பதினைந்து நாளில் அரை சென்டிமீட்டர். பூசிய நிறம் அப்படியே இருக்க, அதன் அடியில் புது வெள்ளை முடி முளைத்து நிற்கிறது. எவ்வளவு நாள் தாங்கும் சாயத்தை வாங்கினாலும் இதை நிறுத்த முடியாது.

நம் கையில் இருப்பது ஒன்றுதான்: வெள்ளைக்கும் பூசிய நிறத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைப்பது.

என்னிடம் வழக்கமாக வரும் ஓர் அம்மாவுக்கு முக்கால்வாசித் தலை நரை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கருங்கறுப்பாகப் போட்டுக்கொள்வார். ஒருநாள் “உச்சியில் முடி கொட்டி வழுக்கை விழுகிறது” என்று கவலையோடு வந்தார். சீப்பின் கூர்முனையால் வகிடு எடுத்துப் பார்த்தேன். முடி அடர்த்தியாகத்தான் இருந்தது. வேரில் முளைத்த வெள்ளை, தலைத்தோலின் வெளிர்நிறத்தோடு சேர்ந்துகொண்டு, இரண்டு பக்கக் கறுப்புக்கும் நடுவே அகலமான பட்டையாகத் தெரிந்திருக்கிறது. இதே வெள்ளை, இளம் பழுப்பு முடிக்கு நடுவில் இருந்திருந்தால் கண்ணில் அவ்வளவாகப் படாது.

சரி, அடுத்த முறை பழுப்பு பூசிவிடலாமே என்றால், அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஏற்கெனவே சாயம் ஏறிய முடியை இன்னொரு சாயம் வெளுக்காது. கறுப்பின் மேல் பழுப்பைப் பூசினால் வேர் மட்டும் பழுப்பாகும், கீழே கறுப்பு அப்படியே நிற்கும். அதனால் அந்த அம்மாவுக்குக் கறுப்பை நிறுத்திவிட்டு, மெல்லிய கீற்றுகளாக முடியை எடுத்து அவற்றை மட்டும் ப்ளீச் செய்து வெளிறவைக்கும் ஹைலைட்ஸ் போட்டோம். வேருக்கு மட்டும் இரண்டு ஷேட் வெளிறிய பழுப்பு. முழுதாக மாறப் பல மாதம் ஆயிற்று, பொறுமை வேண்டும். இப்போது இரண்டரை மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதுகிறது.

நரை பாதிக்கும் குறைவு என்றால் நான் முதலில் சொல்வது டெமி-பெர்மனென்ட் கலர். வலுக்குறைந்த டெவலப்பரோடு, அதாவது நிறம் பிடிக்கச் சாயத்தில் சேர்க்கும் திரவத்தோடு, கலப்பது. முடியின் இயற்கை நிறத்தை வெளுக்காது. வெள்ளை முடியை முழுக்க மூடாமல் லேசாக நிறமேற்றும். அந்த இழைகள் ஹைலைட்ஸ் போலவே தெரியும். ஏறக்குறைய இருபது, இருபத்தைந்து முறை தலைக்குக் குளிப்பதற்குள் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிவிடுவதால் வேரில் வெட்டினாற்போல் கோடு விழாது. காதோரம், நெற்றியோரம் மட்டும்தான் நரை என்றால் அதுகூட வேண்டாம், வேரில் தடவும் டச்-அப் பவுடர் போதும். தலைக்குக் குளித்தால் போய்விடும். நரையை அப்படியே விட முடிவெடுத்தவர்களுக்கு மஞ்சள் படிவதுதான் தொல்லை. வாரம் ஒருமுறை ஊதா நிற ஷாம்பு போட்டால் அது தணியும்.

மருதாணி நல்லதுதான். ஆனால் சுத்தமான மருதாணி வெள்ளை முடியில் செம்மஞ்சளாகத்தான் பிடிக்கும். பழுப்பும் கறுப்பும் வேண்டுமென்றால் அதன் மேல் அவுரி போட வேண்டும். ஒரே பூச்சில் கறுப்பாக்கும் ‘கறுப்பு மருதாணி’ என்று கிடைக்கும் பொடியை வாங்கும் முன் பின்பக்க அட்டையைப் படியுங்கள். பெரும்பாலும் அந்தக் கறுப்பைத் தருவது பாராபினைலின்டையமின் என்ற ரசாயனம். சுருக்கமாக பிபிடி.

இந்த பிபிடி பற்றித்தான் எனக்குப் பெரிய கவலை. “அம்மோனியா இல்லாததுதான் போடுகிறேன், பயமில்லை” என்பார்கள். அம்மோனியா இல்லை என்றால் பிபிடி இல்லை என்று அர்த்தமில்லை, இரண்டும் வெவ்வேறு. பத்து வருடமாக ஒன்றும் செய்யாத டை, பதினோராவது வருடம் ஒவ்வாமை தரலாம். காதுமடலிலும் நெற்றியோரத்திலும் அரிப்பு, அப்புறம் கண் இமை வீங்கும். முதல் அரிப்பைத் தாங்கிக்கொண்டு அடுத்த மாதமும் போடுகிறவர்களுக்கு அடுத்த முறை இன்னும் கடுமையாகத்தான் வரும்.

அதனால் ஒவ்வொரு முறையும், பழகிய டையாகவே இருந்தாலும், 48 மணி நேரம் முன்பே பாக்கெட்டில் சொல்லியபடி காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்மடிப்பிலோ துளி தடவிப் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ அதைப் போடாதீர்கள். தற்காலிக டாட்டூவுக்காகக் கறுப்பு மருதாணி வைத்து எப்போதாவது கொப்புளம் வந்திருந்தால், தோல் மருத்துவரைப் பார்க்காமல் எந்த டையையும் தொடாதீர்கள். போட்டபின் முகம் வீங்கினாலோ மூச்சு திணறினாலோ, உடனே தலையை அலசிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாக்கெட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்; என்ன ரசாயனம் என்று டாக்டருக்கு அதில்தான் தெரியும்.