கலிபோர்னியாவில் பழைய லாரி வாங்குவோர் கவனத்துக்கு

கலிபோர்னியாவில் லாரித் தொழிலுக்கு வேண்டிய அனுமதி, காப்பீட்டு ஆவணங்களைத் தயாரித்துக் கொடுப்பது என் பணி. சலினாஸ் பள்ளத்தாக்கின் லெட்டூஸும் ஸ்ட்ராபெரியும் மத்தியப் பள்ளத்தாக்கின் பழங்களும் சேர்ந்து வெளியேறும் கோடையில் குளிர்சாதன டிரெய்லர்களுக்குத் தட்டுப்பாடு வந்து, லோடுக்குக் கிடைக்கும் வாடகை ஏறிவிடும். அந்த வாடகையை ஆண்டு முழுவதற்கும் பெருக்கிப் பார்த்து, மலிவான பழைய லாரிக்கு முன்பணமும் கொடுத்துவிட்டு என்னிடம் வருபவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

மொத்த எடைத் தகுதி (வண்டியும் சரக்கும் சேர்ந்து அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச எடை) 14,000 பவுண்டைத் தாண்டும் டீசல் வாகனங்களில், சில விலக்குகள் நீங்கலாக, 2010 அல்லது அதற்குப் பிந்தைய மாடல் எஞ்சின் இருக்க வேண்டும் என்பது 2023 ஜனவரி 1 முதல் மாநிலக் காற்று வள வாரியத்தின் விதி. இந்த விதி பார்ப்பது எஞ்சினின் ஆண்டைத்தான், லாரியின் ஆண்டை அல்ல. 2010 மாடல் லாரிக்குள் 2009 எஞ்சின் இருப்பது சாதாரணம். விற்பவர் காட்டும் பதிவு ஆவணத்தில் லாரியின் ஆண்டுதான் தெரியும் என்பதால், பானெட்டைத் திறந்து, எஞ்சினில் ஒட்டியுள்ள மாசுக் கட்டுப்பாட்டு லேபிளை எண்ணெய்க் கறை துடைத்துப் படித்து, படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பொருந்தாத லாரிக்கு மோட்டார் வாகனத் துறை பதிவு தராது.

பதிவு கிடைத்தாலும், 2025 முதல் பெரும்பாலான டீசல் லாரிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை புகைச் சோதனை உண்டு. வெளிமாநில லாரிகளும் இங்கே ஓடினால் இதற்கு உட்பட்டவையே. லாரி இந்தச் சோதனை விதியைப் பூர்த்தி செய்கிறதா என்று சரிபார்க்கும் பொறுப்பு லோடு பிடித்துத் தரும் புரோக்கர்களுக்கும் இருப்பதால், அதற்கான சான்றிதழ் இல்லாமல் லோடு கேட்பது வீண்.

மாநிலத்துக்குள் வாடகைக்கு ஓட்ட நெடுஞ்சாலைக் காவல்துறை தரும் சிஏ எண் என்ற அடையாள எண்ணும், மோட்டார் வாகனத் துறையின் சரக்கு வாகன இயக்குநர் அனுமதியும் தேவை. மாநில எல்லை தாண்டும் பெரிய லாரிகளுக்கு மத்திய அரசின் அடையாள எண்ணும், பொதுவாக இயக்க உரிமமும் வேண்டும். பொதுச் சரக்குக்குச் சட்டம் கேட்கும் பொறுப்புக் காப்பீடு (விபத்தில் பிறருக்கு நேரும் இழப்பை ஈடுகட்டுவது) 7,50,000 டாலர் என்றாலும், புரோக்கர்கள் பலர் 10 லட்சம் டாலருக்குக் குறைந்தால் ஏற்பதில்லை. புதிய நிறுவனங்களுக்குப் பிரீமியமும் கூடுதல்.

குளிர்காலத்தில் லெட்டூஸ் அறுவடை சலினாஸை விட்டு இம்பீரியல் பள்ளத்தாக்குக்கும் அரிசோனாவின் யூமாவுக்கும் நகர்ந்துவிடும். அப்போது லோடு எடுக்கவே காலி வண்டியாக நெடுந்தூரம் போக வேண்டியிருக்கும். டீசல் செலவு உங்களுடையது. ஜனவரி மாத வாடகையில் தவணையும் பிரீமியமும் கட்டி மிச்சம் வருமா என்று கணக்குப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.