போடாத கொலுசு ஏன் கறுக்கிறது?

“ஒரு படுக்கையறை ஃபிளாட். பீரோவில் இடமில்லை என்று வெள்ளி நகைகளைச் சமையலறை ஓரச் சுவரில் கொக்கி அடித்து அழகாக மாட்டினேன். மூன்றே மாதத்தில் எல்லாம் கறுத்துவிட்டன. ‘உடம்புச் சூடு’ என்கிறார்கள். நான்தான் அவற்றைப் போடவே இல்லையே?” ஒரு வாசகியின் கேள்வி.

பாதிப் பதில் கேள்வியிலேயே இருக்கிறது. சிலருக்கு வியர்வையும் காரணமாகலாம். ஆனால் தினமும் காலில் கிடக்கும் கொலுசு புடவையிலும் தோலிலும் உரசி உரசித் தானே துலங்கிவிடும். சும்மா தொங்கும் கொலுசுதான் கறுக்கும். சூடும் இல்லை, திருஷ்டியும் இல்லை. திருஷ்டி கழிக்கும் முட்டையின் மீது வேண்டுமானால் சந்தேகப்படலாம்!

குற்றவாளி ஹைட்ரஜன் சல்ஃபைடு, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் வாயு. நூறு கோடிப் பங்கு காற்றில் ஒன்றிரண்டு பங்கு இருந்தாலே போதும், மூக்குக்குத் தெரியாவிட்டாலும் வெள்ளிக்குத் தெரிந்துவிடும். வேகும் முட்டையும் குளியலறைச் சாக்கடையும் அதை வீட்டுக்குள் விடுகின்றன. காற்றில் ஈரம் கூடினால் நகைமேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படியும், வினை வேகமெடுக்கும். விளைவது வெள்ளி சல்ஃபைடு. படலம் மெல்லியதாக இருக்கும்போது மஞ்சள், தடிக்கத் தடிக்கப் பழுப்பு, ஊதா, கடைசியில் கறுப்பு.

பல்பொடி போட்டுத் தேய்த்தால் கறுப்பு போகும், கூடவே வெள்ளியும் போகும். பூவேலைப்பாடு மழுங்குவது இப்படித்தான். அலுமினியத் தாளின் வித்தை வேறு. அது கறுப்பைச் சுரண்டுவதில்லை, திரும்ப வெள்ளியாக்குகிறது.

கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரத்தின் அடியில் சமையலறை அலுமினியத் தாளை விரியுங்கள். நகையை அதன்மேல் வையுங்கள். 1 லிட்டர் கொதிநீரில் 2 மேசைக்கரண்டி சமையல் சோடா, 1 தேக்கரண்டி உப்பு கலந்து, நகை மூழ்க ஊற்றுங்கள். சல்ஃபைடில் இருக்கும் ஒவ்வொரு வெள்ளி அணுவும் ஓர் எலக்ட்ரானை இழந்து நிற்கிறது. அலுமினியமோ எலக்ட்ரானை விட்டுவிடத் துடிக்கும் உலோகம். ஆனால் அதன்மேல் இயல்பாகவே ஓர் ஆக்சைடு தோல் போர்த்தியிருக்கும். அதைச் சூடான சோடாக் கரைசல் அரிக்கிறது. உடனே எலக்ட்ரான்கள் தாளிலிருந்து, தொட்டுக்கொண்டிருக்கும் நகைக்குள் ஓடுகின்றன. வெள்ளி இருந்த இடத்திலேயே உலோகமாகிறது, கந்தகம் தண்ணீருக்குள் இறங்குகிறது. உண்மையில் பாத்திரத்துக்குள் ஒரு சின்ன பேட்டரி ஓடுகிறது! லேசாக முட்டை நாற்றம் வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஐந்து நிமிடத்தில் எடுத்து, கழுவி, பருத்தித் துணியால் ஒற்றிக் காயவிடுங்கள். திரும்பிய வெள்ளி நுண்துளைகளோடு படிவதால் சற்று மங்கலாகத் தெரியும். துணியால் மெல்லத் தேய்த்தால் மினுங்கும்.

பலிக்கவில்லையா? பெரும்பாலும் நகை தாளைத் தொட்டிருக்காது, அல்லது தண்ணீர் ஆறியிருக்கும். முத்து, பவளம், அரக்கில் பதித்த கெம்புக்கல் நகைகளை இதில் போடவே கூடாது. அழகுக்காக வேண்டுமென்றே கறுக்கவைத்த ‘ஆக்சிடைஸ்டு’ வெள்ளியையும்தான். பெயர் ஆக்சைடு என்றாலும் அந்தக் கறுப்பும் சல்ஃபைடுதான்; காசு கொடுத்து வாங்கிய வேலைப்பாடு ஐந்து நிமிடத்தில் வெளுத்துவிடும்.

இனி அந்தச் சுவர். சமையலறையையும் குளியலறையையும் ஒட்டாத சுவராகப் பாருங்கள். திறந்த கொக்கியில் வாரம் ஒருமுறையாவது போடும் நகை மட்டும். மற்றதைக் காட்டியே ஆகவேண்டுமென்றால், 4 செ.மீ. ஆழமுள்ள கண்ணாடி முன்பக்கச் சட்டப்பெட்டி நல்லது. உள்ளே பருத்தித் துணி, எவர்சில்வர் கொக்கிகள், துணிக்குப் பின்னால் மெல்லிய பையில் கிளர்வூட்டிய கரி (ஆக்டிவேட்டட் சார்கோல்). கரி கந்தக வாயுவை முதலில் பிடித்துக்கொள்ளும். ஆறு மாதத்துக்கொருமுறை மாற்றுங்கள். கம்பளித் துணி விரிக்காதீர்கள், கம்பளியின் புரதத்திலேயே கந்தகம் உண்டு.

மீதி நகைகளை ஒன்றுக்கொரு ஜிப் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி மூடி, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வையுங்கள். பையின் வாயில் ரப்பர் பேண்ட் மட்டும் வேண்டாம். ரப்பரைக் கந்தகம் சேர்த்துத்தான் பதப்படுத்துகிறார்கள்; அது பட்ட இடத்தில் கோடு போட்டதுபோல் கறுப்பு விழும்.